வெட்டாப்பு விட்ட நாற்பது நிமிடம்: கோடியக்கரையில் ஒரு மழைநாள்

சேற்றுக்கால் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிற்றுக்கிழமை கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போயிருந்தோம். ஏழு பேர் கிளம்புவதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு நான்கு பேர் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, மழையில் நனைந்துகொண்டு எதைப் பார்க்கப் போகிறோம் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஆனாலும் மார்கழிக்குள் ஒருமுறையாவது போய்விட வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

திருத்துறைப்பூண்டியைத் தாண்டும்போதே தூறல். வேதாரண்யத்தில் டீ குடிக்க இறங்கினபோது சாரல் கடைக்குள்ளேயே அடித்தது. அகஸ்தியம்பள்ளி தாண்டி உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் விடிந்தது, விடிந்தது என்று சொன்னாலும் வெளிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வானமும் அளத்துத் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். மின்கம்பிகளில் தகைவிலான்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன, எண்ணத் தொடங்கி இருநூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன். ஒன்றுகூடப் பறக்கவில்லை. மழையில் பூச்சி மேலே வராது, பூச்சி இல்லாமல் அதுகளுக்குப் பறக்க வேலையும் இல்லை.

ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை கொட்டித் தீர்த்தது. மூடிக் கிடந்த ஒரு கொட்டகையின் தாழ்வாரத்தில் நின்றோம். அந்த இரண்டு மணி நேரத்தில் பார்த்தது மூன்றே பறவை: கம்பத்தின் உச்சியில் சிறகை ஒடுக்கிக்கொண்டு நனைந்த கோணி மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு செம்பருந்து, வாய்க்கால் ஓரத்தில் கழுத்தே இல்லாத மாதிரி சுருங்கி நின்ற ஒரு மடையான், அப்புறம் எங்களோடு தாழ்வாரத்தில் ஒதுங்கிய ஒரு காக்கை. கூட வந்த நண்பர் திரும்பிவிடலாம் என்றார். நானும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதேகாலுக்கு மழை நின்று வெட்டாப்பு விட்டது. வடக்கே மேகம் கொஞ்சம் கிழிந்து மஞ்சளாக வெளிச்சம் வந்தது. அளத்தில் அதுவரை யாருமே இல்லை என்று நினைத்திருந்தோம், ஆனால் வரப்பு ஓரங்களில் மண்கட்டி என்று நினைத்ததெல்லாம் நகரத் தொடங்கியது. அத்தனையும் கொசு உள்ளான்! மழை முழுக்க அங்கேதான் இருந்திருக்கின்றன, வரப்பின் காற்று மறைவில், ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில், அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது. அவ்வளவும் ஒரே நேரத்தில் சாப்பிடத் தொடங்கின. கோழிக்குஞ்சு நொய் பொறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதைவிட அவசரம். எங்களுக்கு ஆறேழு அடி தூரத்தில் ஒன்று வந்து நின்றது, கால் மறையாத அளவுக்குத்தான் தண்ணீர், ஒரு விரற்கடை இருக்கும். அலகு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டே இருந்தது, குத்தும்போது விழும், நிமிரும்போது மறுபடி திரளும். வயிற்று இறகில் சேறு. இருபத்தைந்து முப்பது கிராம் எடை, சைபீரியாவின் வடகோடியிலிருந்து ஆறேழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உயிர், மழை விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தை ஒரு நொடிகூட வீணாக்காமல் தின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லாம் வடக்கு பார்த்துதான் நின்றன, வாடை அடித்ததால். எதிர்க்காற்றில் நின்றால்தான் இறகு கலையாமல் படிந்திருக்கும். ஒன்பது ஐம்பது இருக்கும், கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே திரும்பியது. எங்களுக்குக் காற்று மாறியதே தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் கடல் பக்கமிருந்து அடுத்த மழை வந்து இறங்கியது.

அதற்கப்புறம் நாள் முழுக்க இப்படியே: அரை மணி மழை, இருபது நிமிடம் வெயில், மறுபடி மந்தாரம். காட்டுப் பக்கம் போனபோது பதினொன்றரை மணிக்கு மேகம் இருட்டி மாலை மாதிரி ஆகிவிட்டது, உடனே ஆறுமணிக்குருவி ஒன்று கூப்பிட்டது! விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுகிற பறவை. இரண்டே முறைதான். பிற்பகலில் நல்ல வெயில் அடித்தபோது தூரத்தில் பூநாரைகள், நானூறுக்கு மேல், வெயில் பட்டதும் வெள்ளைக் கோடாக இருந்தது ரோஜா நிறக் கோடாக மாறியது. நான்கு மணிக்கு இடி இடிக்கத் தொடங்கியது, வெட்டவெளியில் நிற்கக்கூடாது என்று கிளம்பிவிட்டோம்.

மொத்தம் 58 வகை. நல்ல வெயில் நாளில் இதைவிடக் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிற நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? இடம் மாறி மாறிப் போய்ப் பார்ப்பதா, ஒரே இடத்தில் நிற்பதா?

கொசு உள்ளான்களுக்கு நடுவே கொஞ்சம் பெரிதாக ஒரு உள்ளான் இருந்தது, அலகு நுனி கீழ்நோக்கி வளைந்தது, புருவம் இரட்டைக் கோடு மாதிரி தெரிந்தது. அகன்ற அலகு உள்ளான் என்று நினைக்கிறேன். படம் சரியாக வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாழைக்கோழி

பின்வாங்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். இதைப் படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. பைனாகுலர் எப்படித் தாங்கியது அண்ணே? எனக்கு மழையில் ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மங்கிவிடும், துடைத்துத் துடைத்தே பறவை போய்விடும்.

சாரல்

மங்குவது பெரும்பாலும் மழையால் இல்லை தம்பி. ஏசி காரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படியும். போகும்போதே ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது பைனாகுலரை அரை மணிக்கு முன்பே வெளிக்காற்றில் பழக்குங்கள். முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு மூச்சு விட்டாலும் மங்கும். துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள், உப்புக்காற்றில் படிந்த துகள் கண்ணாடியைக் கீறிவிடும், முதலில் நல்ல தண்ணீரை ஊற்றி வழியவிட்டுப் பிறகு பஞ்சுத் துணியால் ஒற்ற வேண்டும். குறிப்பெழுத பென்சில்தான், பேனா வேண்டாம். மொடமொடவென்று சத்தம் போடுகிற மழைக்கோட்டைவிடக் கறுப்புக் குடை நல்லது, விரித்த குடையோடு அசையாமல் நின்றால் பறவைகள் சீக்கிரம் பழகிவிடும், ஆனால் கிட்டப் போன பிறகு படாரென்று விரித்தால் அவ்வளவும் பறந்துவிடும்.

சேற்றுக்கால் கேட்டதற்கு என் பதில்: ஒரே இடம். மழைக்கு நடுவே வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தால் வெட்டாப்பு விடும் நேரமெல்லாம் சாலையிலேயே போய்விடும்.

அளத்துமேடு

நான் இந்தப் பக்கத்துக்காரன், எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக அளத்து வேலை. சில விஷயம் சொல்லவேண்டும்.

காற்றைப் பற்றி எழுதியிருப்பது சரி. எங்கள் கரையில் நான்கு காற்று, வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். ஐப்பசியிலிருந்து வாடையும் கொண்டலும்தான் மாறி மாறி. வாடை நின்று கொண்டல் வாங்கினால் மழை நெருங்கிவிட்டது என்று எங்கள் அப்பா வலையைச் சுருட்டச் சொல்வார். உங்கள் உள்ளான் கூட்டம் திரும்பியது அந்த மாற்றம்தான்.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் உப்பு வாருவது நின்றுவிடும், பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர். கொஞ்ச மழை என்றால் வரப்போரம் அரைவிரல், ஒரு விரல் ஆழத்தில் நிற்கும், அதுதான் கொசு உள்ளானுக்குச் சோறு. அந்த ஆழம் தாண்டிவிட்டால் அது நிற்க முடியாது, நெடுங்கால் உள்ளான் நிற்கும், இன்னும் ஏறினால் பூநாரை மட்டும்தான். ஆகவே ஒரே பாத்தியில் காலையில் ஒரு கூட்டம், இரண்டு மழை கழித்து வேறு கூட்டம். மழை ரொம்பப் பெய்து உப்புத்தன்மை குறைந்தால் பூநாரையும் சில நாள் இடம் மாறிவிடும், ஏனென்றால் அது தலையைக் கவிழ்த்து வடிகட்டித் தின்கிற சின்ன உயிர்கள் உவர்த் தண்ணீரில்தான் செழிக்கும்.

கடைசியாக, தயவுசெய்து கேளுங்கள். மழைக்குப் பிறகு வரப்பில் ஏறி நடக்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கூழ். போன வருடம் வெளியூர்க்காரர் ஒருவர் இடுப்பளவு இறங்கிவிட்டார், கயிறு போட்டு இழுத்தோம். வரப்பு உடைந்தால் அதைக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு நாள் வேலை. அளத்தில் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், எது கெட்டி எது சேறு என்றும் சொல்வார்கள்.

குறுங்கண்ணி

எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லவேண்டும். ஆறேழு அடி என்பது ரொம்பக் கிட்டம். இரண்டு மணி நேரம் சாப்பிடாமல் குளிரில் நின்ற பறவைக்கு மழை விடுகிற நாற்பது நிமிடம்தான் அன்றைய காலைச் சாப்பாடு. அந்த நேரத்தில் நாம் இரண்டு தடவை எழுப்பிவிட்டால் அதில் கால்பங்கு போயிற்று, பறந்ததில் எரிந்த கொழுப்பு வேறு. முப்பது கிராம் உடம்பில் எவ்வளவு கையிருப்பு இருக்கும்? வெயில் நாளில் செய்தால் ஒரு தொந்தரவு, மழைநாளில் செய்தால் அது தட்டைப் பிடுங்குவது. மழைநாளில் கிட்டத்தில் பார்க்கலாம் என்று இந்த இழை பரவினால் அடுத்த ஞாயிறு அங்கே இருபது கேமரா நிற்கும். எனக்கு அதுதான் பயம்.

சேற்றுக்கால்

நியாயமான கவலை. ஒன்றை மட்டும் தெளிவாக்குகிறேன், நாங்கள் அதனிடம் போகவில்லை. தாழ்வாரத்தை ஒட்டி நாங்கள் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை, அவை மேய்ந்துகொண்டே எங்கள் பக்கம் வந்தன. ஆனால் நண்பர் ஒருவர் படத்துக்காக இரண்டு அடி முன்னால் வைத்தார், ஐம்பது அறுபது பறவை எழும்பி எதிர் வரப்பில் போய் இறங்கின. அதை நான் முதல் பதிவில் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கில் யோசித்தால் அந்த இரண்டு அடி தேவையே இல்லை. அளத்துமேடு அண்ணனுக்கும் நன்றி, வரப்பில் ஏறவில்லை, இனியும் ஏறமாட்டோம்.

மழைக்குறிப்பு

அந்தப் பெரிய உள்ளான் பற்றி. இரட்டைப் புருவம் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நனைந்த இறகு கறுத்துத் தெரியும், தலை இறகு பிரிபிரியாக ஒட்டிக்கொண்டால் இல்லாத கோடெல்லாம் தெரியும். மழையில் நிறத்தை நம்பாதே, உருவத்தையும் நடையையும் நம்பு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். மூன்று கேள்வி: அலகு அடியிலிருந்தே மெதுவாக வளைந்ததா, இல்லை நேராக வந்து நுனியில் மட்டும் சட்டென்று மடங்கியதா? கொசு உள்ளானோடு பார்த்தால் கால் நீளமா? பறந்தபோது வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளை தெரிந்ததா, இல்லை நடுவில் கறுப்புப் பட்டை ஓடியதா?

கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிற பழக்கத்தை விடாதீர்கள். 1980களில் இதே கோடியக்கரையில் கரண்டிமூக்கு உள்ளானைப் பதிவு செய்திருக்கிறார்கள், இன்று உலகத்திலேயே சில நூறு மிஞ்சியிருக்கிற பறவை அது. அதுவும் கொசு உள்ளான் அளவுதான், பக்கவாட்டில் பார்த்தால் அலகின் வித்தியாசம் சட்டென்று தெரியாது.

சேற்றுக்கால்

நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்தேன். 9.40க்கு கூட்டம் எழும்பியபோது எழுதியிருக்கிறார்: "பெரியது, வாலுக்கு மேல் முழு வெள்ளை, கால் கறுப்பு, நீளம்." அலகு மெதுவாக வளைந்தது என்றுதான் அவருக்கும் ஞாபகம்.

மழைக்குறிப்பு

அப்படியென்றால் கர்லூ சாண்ட்பைப்பர், வளைந்த அலகுள்ள வேறொரு உள்ளான். அகன்ற அலகு உள்ளானுக்கு அந்த முழு வெள்ளை வராது. ஏமாற்றம் வேண்டாம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே காலில் அடையாள வளையம் போட்ட பறவைகளில் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கியது, இப்போது எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது. ஒன்றைப் பார்த்தாலும் நாள், நேரம் போட்டு எழுதி வையுங்கள்.

குளத்துக்கரை

நான் செங்கல்பட்டுப் பக்கம். உங்கள் ஊரில் மழை ஒரு நாளை மாற்றுகிறது, எங்கள் வேடந்தாங்கலில் ஒரு வருடத்தையே தீர்மானிக்கிறது. ஏரி சின்னதுதான், 30 ஹெக்டேர் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி நீர்க்கடம்பு மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றால்தான் நத்தைகுத்தியும் கூழைக்கடாவும் கூடு கட்டும். தண்ணீர்தான் அவற்றுக்கு வேலி, பூனையும் கீரியும் மரத்துக்கு வராது. மழை பொய்த்த வருடம் வந்து பார்த்துவிட்டு வேறு ஏரிக்குப் போய்விடும்.

கூடு கட்டிய பிறகு பெய்கிற மழை வேறு கதை. போன மாதம் சரியான மழையில் பார்வைக் கோபுரத்தடியில் நின்றேன். மஞ்சள்மூக்கு நாரை ஒன்று கூட்டின் மேல் இரண்டு சிறகையும் விரித்துக் குனிந்து நின்றது, அடியில் இரண்டு குஞ்சு. வெயிலுக்கு அப்படி நிற்பதைப் பார்த்திருக்கிறேன், மழைக்கு அன்றுதான் பார்த்தேன். முதுகில் விழுந்த தண்ணீர் சிறகு நுனி வழியாக ஒழுகியது. நாற்பத்தைந்து நிமிடம். மழை விட்டதும் சிறகை ஒருதரம் உதறியது, குஞ்சுகள் உடனே வாயைத் திறந்துகொண்டு கத்தத் தொடங்கின.

பாம்புத்தாராவைப் பார்க்க மழை விட்டு வெயில் வருகிற அந்த நேரம்தான். அதன் இறகு தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் சுலபமாக முங்க முடிகிறது, ஆனால் வெளியே வந்தால் காய வைத்தே ஆகவேண்டும். வெயில் வந்த இரண்டாவது நிமிடம் கொடியில் துணி போட்ட மாதிரி வரிசையாக விரித்துக்கொண்டு நிற்கும்.

தாழைக்கோழி

புயல் சமயத்தில் நடுக்கடல் பறவைகள் கரைக்கு வரும் என்கிறார்களே, யாராவது பார்த்திருக்கிறீர்களா? அப்படி விழுந்து கிடந்தால் என்ன செய்வது?

சாரல்

வரும். சூட்டி டெர்ன் என்கிற கருமுதுகு ஆலா மாதிரியானவை புயலில் சிக்கி ஊருக்குள்கூட விழும். நான் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன், எலும்பும் தோலுமாக இருந்தது. செய்யவேண்டியது: காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி, அடியில் துணி, மூடி இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்வது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிச் செத்துவிடும். பாவம் என்று சொல்லித் திரும்பக் கடலில் கொண்டுபோய்த் தூக்கி எறிவதும் கூடாது. படம் எடுக்க எல்லார் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுப்பதும் கூடாது.

அளத்துமேடு

புயல் என்றதும் 2018 நவம்பர் 16 ஞாபகம் வருகிறது. கஜா. நள்ளிரவுக்கு மேல் காற்று ஒரு பக்கமிருந்து அடித்து, கொஞ்ச நேரம் நின்று, மறுபக்கமிருந்து அடித்தது. காலையில் வெளியே வந்தால் காடு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எங்கள் தென்னை போனது, காட்டில் பெரிய பாலை மரங்களே வேரோடு சாய்ந்தன, வெளிமான்கள் செத்துக் கிடந்தன. ஒரு வாரம் கழித்து இலையே இல்லாத ஒரு மரத்தில் ஆறுமணிக்குருவி ஒன்று உட்கார்ந்திருந்தது. அது தரையில் சருகுக்குள் ஒளிந்து திரிகிற பறவை, அப்படி வெட்டவெளியில் நான் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை நீங்கள் பதினொன்றரைக்கு அதன் குரலைக் கேட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தப் பகுதியில் அடிக்காடு மறுபடி மூடிவிட்டது என்று அர்த்தம்.

மழைக்குறிப்பு

ஒரு வேண்டுகோள். நம் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள், எல்லாம் வெயில் நாள். மழைநாளில் யாரும் போவதில்லை, போனாலும் "ஒன்றும் இல்லை" என்று பட்டியல் போடுவதில்லை. பத்து வருடம் கழித்து ஒருவர் இந்தத் தகவலை வைத்து ஆராய்ந்தால் மழையில் பறவைகள் எங்கே இருந்தன என்று அவருக்குத் தெரியாது. சேற்றுக்கால், உங்கள் மூன்று பறவைப் பட்டியலையும், அந்த ஏழிலிருந்து ஒன்பது மணி வரை பார்த்ததை, தனியாக ஈபேர்டில் (பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இணையதளம்) ஏற்றுங்கள். வெட்டாப்பு நேரத்துக்கு இன்னொன்று. குறிப்பில் காற்றுத் திசை, மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம். 2015லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் கணக்கெடுக்கிறோம், அதில் தூறல் நாள் வந்தாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். மாடியிலிருந்து பதினைந்து நிமிடம் எண்ணினாலும் போதும்.

சேற்றுக்கால்

ஏற்றிவிட்டேன். மூன்று பறவை, இரண்டு மணி நேரம். சேர்த்துப் பார்த்தால் அதுதான் அன்றைய பட்டியல்களில் நான் அதிகம் உற்றுப் பார்த்தது, செம்பருந்து எத்தனை தடவை தலையை உதறியது என்றுகூட எழுதியிருக்கிறேன், பதினேழு.

பொங்கலுக்கு மறுபடி வருகிறோம், இம்முறை ஏழு பேரும். தாழ்வாரத்தை விட்டு முன்னால் போகக்கூடாது என்று எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிட்டேன். குறுங்கண்ணி, நீங்களும் வாருங்கள்.

குறுங்கண்ணி

வருகிறேன்.

அளத்துமேடு

இன்றைய நிலவரம். ராத்திரி முழுக்க மழை. பாத்தியில் கணுக்கால் தண்ணீர், கொசு உள்ளான் ஒன்றுகூட இல்லை, நெடுங்கால் உள்ளான் பதினொன்று. கீழண்டை மதகைத் திறந்து வடியவிட்டிருக்கிறோம். வாடை திரும்பி இரண்டு நாள் காய்ந்தால் வரப்போரம் சேறு தெரியும், தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.